பீருக்குப் பழுப்புப் பட்டன்

ஞாயிற்றுக்கிழமை மதியம் தையல்கடையின் வெட்டு மேசையைச் சுற்றி ஐந்து பேர் இருந்தார்கள். மேசையின் தலைமாட்டில், கத்தரிக்கோல் தொங்கும் ஆணிக்குக் கீழே, கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார். காலமெல்லாம் நின்றே துணி வெட்டிப் பழகியவர்; அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்தால் அவருக்குக் கையும் ஓடாது, புத்தியும் ஓடாது. எல்லோருக்கும் அவர் மாஸ்டர். அவருக்கு வலப்பக்கம், இஸ்திரிப் பெட்டியை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, அவர் மனைவி. மனைவிக்கு எதிரே அவளுடைய தம்பி. பெரிய ஹோட்டல் ஒன்றில் தலை நரைக்கும் வரை ஸ்டோர் பார்த்தவர் என்பதால் ஸ்டோர் மாமா என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. கால்மாட்டில் கல்யாணப்பெண்ணான மகள். அவளுக்குப் பக்கத்தில், ஜன்னலோர மெஷினுக்கு உரிய ஸ்டூலில், மாப்பிள்ளை. அந்த ஸ்டூலில் ஒன்றரை வருடமாக யாரும் உட்கார்ந்ததில்லை. மாப்பிள்ளைக்கு அது தெரியாது. காலியாக இருந்தது, இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பேச வேண்டிய விஷயம் ஒன்றுதான். கல்யாண வரவேற்புக்கு எவ்வளவு பீர், எவ்வளவு வைன் வாங்குவது. சாப்பாடு மண்டபத்தார் பொறுப்பு; குடிக்கிறதை நீங்களே கொண்டுவந்து இறக்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மாஸ்டர் காகிதத்தையும் பென்சிலையும் எடுத்து வைத்தார். ஸ்டோர் மாமா அதை ஒதுக்கிவிட்டு அலமாரியிலிருந்த பட்டன் டப்பாவைக் கேட்டார். பேர் எழுதினால் பேரைப் பற்றித்தான் பேச்சு ஓடும், தலையை எண்ணுகிற வேலை நடக்காது என்பது அவர் கட்சி. பீர் குடிக்கிறவருக்குப் பழுப்புப் பட்டன், வைனுக்கு வெள்ளைப் பட்டன், இரண்டும் வேண்டாம் என்பவருக்கு ஒரு கொக்கி. ஆளைச் சொல்லச் சொல்ல மேசையில் குவியல் ஏறியது.

"முதல் மணி நேரம் ஆளுக்கு ரெண்டு. அப்புறம் மணிக்கு ஒண்ணு. வைன்னா பாட்டிலுக்கு அஞ்சு கிளாஸ், ஊத்துறவன் நம்ம ஆளா இருந்தா ஆறு" என்றார் ஸ்டோர் மாமா. "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க அத்தான். மூடி திறக்காத பாட்டில் மீந்தா கடைக்காரன் திருப்பி எடுத்துக்குவான். குறைஞ்சா நம்ம மானத்தை எவனும் திருப்பித் தரமாட்டான்."

மாப்பிள்ளை சிரித்தார். சிரிக்கத் தெரிந்த மனிதர். லிஃப்ட் பழுது பார்க்கிற கம்பெனியில் வேலை. தன்னோடு வேலை பார்க்கிறவர்களுக்கென்று கை நிறையப் பழுப்புப் பட்டன்களை அள்ளி வைத்துவிட்டு, இவங்க எல்லாரையும் ஏத்திவிடுறது சுலபம், இறக்குறதுதான் கஷ்டம் என்றார். மாஸ்டரின் மனைவிகூடச் சிரித்துவிட்டாள். அக்கா வைன் குடிப்பாளா மாட்டாளா என்று தம்பி கேலியாகக் கேட்க, ஒரு வெள்ளைப் பட்டனைத் தானே எடுத்து வைத்து, எனக்கென்ன குறைச்சல் என்றாள். கொஞ்ச நேரம் அது கல்யாண வீடாகவே இருந்தது.

அந்தக் கலகலப்பில்தான் ஸ்டோர் மாமாவுக்கு வாய் தவறியது. பழுப்புக் குவியலைப் பார்த்து, "நம்ம சின்ன மாஸ்டர் ஒருத்தனே இதுல பாதியை…" என்று ஆரம்பித்தவர், அக்காவின் முகத்தைப் பார்த்து அப்படியே நிறுத்தினார். கொட்டிய பாலை அள்ளவா முடியும்?

"மச்சான் அவ்ளோ குடிப்பாரா?" என்றார் மாப்பிள்ளை ஆசையாக. "சொல்லவே இல்லையே. எங்க வீட்ல நான் ஒத்தப் பிள்ளை. அன்னிக்கு மச்சான்கூட உட்கார்ந்து ஒரு கிளாஸ் குடிக்கணும்." டப்பாவைக் கிளறினார். அடியில், தனிக் காகிதத்தில் சுற்றியிருந்த கொம்புப் பட்டன்கள் அவர் விரலுக்கு அகப்பட்டன. இருப்பதிலேயே பெரியது, பளபளப்பானது. அதில் ஒன்றை எடுத்துப் பழுப்புக் குவியலின் உச்சியில் வைத்தார். "இது மச்சானுக்கு."

சின்ன மாஸ்டர் என்பது மகன். மகளுக்கு மூத்தவன். பதினெட்டு வயதிலேயே கோட்டுக்குக் கை ஏற்றுவதில் அப்பனை மிஞ்சியவன். குடியில் கை நடுங்க ஆரம்பித்த பிறகு காஜாகூட அவனால் எடுக்க முடியவில்லை. பட்டன் துளையைச் சுற்றிப் போடுகிற அந்தச் சின்னத் தையலில் ஊசி துணிக்குப் பதில் விரலில் ஏறியது. மகளுக்கு முதலில் பார்த்த சம்பந்தம் அவனால்தான் முறிந்தது. பேச வந்தவர்கள் தெருமுனையில் விழுந்து கிடந்தவனைத் தாண்டி வந்து, தேநீர் குடித்து, நல்லபடியாகப் பேசி, போகும்போது அது யார் என்று கேட்டார்கள். பிறகு அக்கம்பக்கத்தில் விசாரித்துத் தெரிந்துகொண்டார்கள். ஜன்னலோர மெஷினுக்குத் துணி போர்த்தியது அந்த வாரம்தான். இப்போது அவன் எங்கோ தள்ளி, குடியை விட நினைப்பவர்களுக்கான விடுதி ஒன்றில் தங்கி, பக்கத்து பேக்கரியில் மாவு பிசைகிறான். கடைசியாகப் பாட்டிலைத் தொட்டு எட்டு மாதம் ஆகிறது. மாப்பிள்ளை வீட்டாரிடம், பையனுக்குப் பேக்கரியில் வேலை, லீவு கிடைப்பது கஷ்டம் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். பொய் இல்லை. பாதியில் வெட்டின துணி.

மாப்பிள்ளைக்கு அவர் அப்பாவிடமிருந்து போன் வர, எழுந்து வாசலுக்குப் போனார். அவர் நிழல் கதவைத் தாண்டியதும் மாஸ்டரின் மனைவி கையை நீட்டி, உச்சியில் இருந்த கொம்புப் பட்டனை எடுத்தாள். வெள்ளைக்குள் வைக்க முடியாது. கொக்கிகளோடு வைக்கலாம், அதற்கும் மனம் வரவில்லை. எங்கே வைப்பது என்று தெரியாமல் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

"இப்பவே சொல்லிடலாம்பா" என்றாள் மகள் தாழ்ந்த குரலில். "அவர் தப்பா எடுத்துக்கமாட்டாரு. சரக்கே வேண்டாம்னு வச்சுக்கலாம். அண்ணன் வரட்டும்."

"அவர் எடுத்துக்கமாட்டாரு. அவங்க வீடு?" என்றாள் அம்மா. "ஒரு தடவை பட்டது போதாதா உனக்கு?"

ஸ்டோர் மாமா தலையைக் குனிந்து, ஏற்கெனவே எண்ணிய பட்டன்களைத் திரும்ப எண்ணினார். மாஸ்டர்தான் கடைசியில் வாய் திறந்தார். "பஸ் ஸ்டாப் வரைக்கும் அவர்கூடப் போறேன். நான் சொல்றேன்."

மகன் எழுதிய கடிதம் அவர் சட்டைப் பையில் இருந்தது. அவன் போன் பேசுவதில்லை. பேசினால் அம்மா பதில் சொல்லாமல் குரலை மோந்து பார்க்கிறாள், நாக்கு குழறுகிறதா என்று காத்துக்கொண்டிருக்கிறாள், அதைவிட எழுதிவிடுவது மேல் என்று சொல்லிவிட்டான். கல்யாணத்துக்கு ஒரு கோட் தைக்கிறேன், அளவு அனுப்பு என்று மாஸ்டர் எழுதியிருந்தார். அங்கே டேப் இல்லை. பேக்கரி பெட்டி கட்டுகிற நூலில் மார்பு, இடுப்பு, தோள், கை என்று தனித்தனியாக முடிச்சுப் போட்டு, கடிதத்தோடு மடித்து வைத்திருந்தான். மாஸ்டர் அந்த நூலை மேசையில் நீட்டி டேப் வைத்துப் பார்த்தபோது மார்பு இரண்டு அங்குலம் ஏறியிருந்தது. நம்பாமல் மறுபடி வைத்துப் பார்த்தார். பிறகு மனைவியைக் கூப்பிட்டு, பேசாமல் முடிச்சைக் காட்டினார்.

கடிதத்தில் இவ்வளவுதான் இருந்தது: "அங்கே குடிக்க வைப்பீர்களா மாட்டீர்களா என்று உண்மையாக எழுதுங்கள் அப்பா. பாட்டில் திறக்கிற சத்தத்துக்கு நான் நிற்பேனா விழுவேனா என்று எனக்கே தெரியவில்லை. இருக்கிறது என்றால் வராமல் இருந்துகொள்கிறேன், வருத்தப்பட மாட்டேன். இல்லையென்றால் முதல் பஸ்ஸுக்கு ஏறிவிடுவேன்."

மாப்பிள்ளை திரும்பி வந்து உட்கார்ந்தார். குவியலின் உச்சியில் ஒன்று குறைந்ததை அவர் கவனிக்கவில்லை. கணக்கு முடிந்தது. பீர் பதினெட்டுப் பெட்டி, வைன் முப்பது பாட்டில், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு பெட்டி மேலே. தன் அப்பா கடையில் சொல்லிவைத்துவிட்டதாகவும், எண்ணிக்கை மட்டும் தெரிந்தால் போதுமென்று இப்போதுதான் போனில் கேட்டதாகவும் மாப்பிள்ளை சொன்னார்.

பஸ் ஸ்டாப் அதிக தூரமில்லை. மருந்துக்கடை, சைக்கிள் கடை, பூட்டிக் கிடக்கும் அச்சகம், பிறகு ஸ்டாப். மருந்துக்கடை தாண்டியதும் சொல்லிவிடலாம் என்று மாஸ்டர் நினைத்தார். தாண்டியபோது மாப்பிள்ளை தன் அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அப்பாவும் அவருடைய பழைய கூட்டாளிகளும் வருஷக்கணக்காக இந்த ஒரு நாளுக்காகக் காத்திருக்கிறார்களாம். பையன் கல்யாணத்தில் கிளாஸைத் தூக்கிப் பிடித்துப் பேசுவதற்கு இப்போதே கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்க்கிறாராம். சைக்கிள் கடையும் போயிற்று. அச்சகத்தின் வாசலில் மாஸ்டர் நின்றார். மாப்பிள்ளையும் நின்றார்.

"என்ன மாமா?"

நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எதிரில் அந்த முகம். ஒளிவு மறைவு இல்லாத, தன்னிடமும் யாரும் ஒளிக்கமாட்டார்கள் என்று நம்புகிற முகம். சொன்னால் அது எப்படி மாறும் என்று மாஸ்டர் நினைத்துப் பார்த்தார். மாறாமலே இருந்துவிடலாம், அதுதான் நடக்கும் என்றுகூடத் தோன்றியது. ஆனால் இன்னொரு முகமும் கூடவே வந்து நின்றது. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அது யார் என்று கேட்ட முகம். அன்றைக்கு மாஸ்டர் தெரியாது என்று சொன்னார். தன் பிள்ளையைத் தெரியாது என்று.

"மழை வரும்போல இருக்கு" என்றார். "பார்த்துப் போங்க."

மாப்பிள்ளை வானத்தை அண்ணாந்து பார்த்தார். ஒரு மேகம்கூட இல்லை. பெரியவர் சொன்னாரே என்று தலையாட்டிவிட்டு பஸ்ஸில் ஏறினார்.

திரும்பி வந்தபோது மகள் கடை வாசலில் நின்றிருந்தாள். அப்பாவின் நடையிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.  உள்ளே போய்ப் பட்டன்களைப் பழுப்பு, வெள்ளை என்று பிரித்து டப்பாவில் போட ஆரம்பித்தாள். 

ஸ்டோர் மாமா போன பிறகு மனைவி மாஸ்டரின் பக்கத்தில் வந்து நின்றாள். "இல்லைன்னு எழுதிடுங்க" என்றாள்.

"எதை?"

"சரக்கு இல்லைன்னு. வந்துடுவான். வந்த பிறகு நான் பார்த்துக்கறேன். என் பக்கத்துலயே உட்கார வச்சுக்கறேன், கையை விடமாட்டேன். போட்டோவுல எல்லாரும் இருக்கணும். அது ஒண்ணுதான் எனக்கு."

 மாஸ்டர், மகனுக்காகத் தைத்துத் தொங்கவிட்டிருந்த அடர்நீலக் கோட்டை எடுத்து மேசையில் விரித்தார். உடம்பு முடிந்திருந்தது. தற்காலிகமாகப் போட்ட ஓட்டுத்தையலைப் பிரித்து, பட்டன் வைக்க வேண்டியதுதான் பாக்கி. வெள்ளை நூலை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே, "அத்தனை வருஷம் அவன் நம்மகிட்ட பொய் சொன்னான்" என்றார். "இப்பத்தான் நிறுத்தியிருக்கான். நாம ஆரம்பிக்க வேணாம்."

அவள் அழுதுவிடுவாள் என்று நினைத்தார். அழவில்லை. காகிதச் சுற்றைப் பிரித்துக் கொம்புப் பட்டன்களை எடுத்தபோது மூன்றுக்கு இரண்டுதான் இருந்தன. மேசைக்கு அடியில், மெஷினுக்குப் பின்னால் என்று அவர் குனிந்து தேடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், மூடிய கையைத் திறந்து நீட்டினாள். மதியத்திலிருந்து பிடித்திருந்ததில் அவள் உள்ளங்கையில் நான்கு துளையும் வட்டமுமாகப் பட்டனின் அச்சு பதிந்திருந்தது. மாஸ்டர் கை நீட்ட, அவள் கொடுக்கவில்லை. ஊசியை வாங்கிக்கொண்டு, நடுப் பட்டனை அவளே தைத்தாள். தேவைக்கு மேல் இரண்டு மடங்கு நூல் சுற்றினாள். அவர் திருத்தவில்லை.

மறுநாள் கடை திறக்குமுன் மாஸ்டர் கடிதம் எழுதினார். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி, தேதியை வலது மூலையில் போட்டு, இடதுபக்கம் இடம் விட்டு எழுதினார்.

"அன்புள்ள மகனுக்கு. இங்கு அனைவரும் நலம். நீ கேட்டதற்குப் பதில்: இருக்கிறது. பீர் பதினெட்டுப் பெட்டி, வைன் முப்பது பாட்டில், அதற்கு மேலும் இரண்டு பெட்டி. தவிர்க்க வழி இருந்தது. மாப்பிள்ளையிடம் சொன்னால் போதும். சொல்லத்தான் போனேன், சொல்லவில்லை. உன்மேல் குறை ஏதும் இல்லை, எனக்குத்தான் வாய் வரவில்லை. மாப்பிள்ளை நல்ல மாதிரி. உன் ஸ்டூலில் உட்கார்ந்தார். உனக்கும் சேர்த்துக் கணக்கு வைத்தார், விஷயம் தெரியாமல். கோட்டு அனுப்பியிருக்கிறேன். நடுப் பட்டன் அம்மா தைத்தது, கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். போட்டுப் பார்த்து, எங்கே பிடிக்கிறது என்று எழுது."

மகளிடம் படிக்கக் கொடுத்தார். அவள் இரண்டு முறை படித்தாள். பேனாவை வாங்கி அடியில் ஒரு வரி எழுதினாள். அது என்ன என்று மாஸ்டர் பார்க்கவில்லை. மடித்துக் கொடுத்ததை அப்படியே உறைக்குள் போட்டார். நாக்கு வறண்டிருந்தது. உறையின் ஓரத்தை இரண்டு தடவை நனைத்து ஒட்ட வேண்டியிருந்தது.

தபால் அலுவலகத்தில் கூட்டமில்லை. பார்சலைத் தராசில் வைத்த பெண் உள்ளே என்ன என்று கேட்டாள். துணி என்றார். கடிதத்தைத் தனியாக நீட்டினார். இரண்டும் ஒரே நாளில் போய்ச் சேருமா என்று கேட்டதற்கு, கடிதம் முன்னால் போகும், பார்சல் பின்னால்தான் என்றாள். ஒரு கணம் உறையைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கை போயிற்று. அதற்குள் அவள் முத்திரையைக் குத்தி, பின்னால் இருந்த கித்தான் பைக்குள் அதைப் போட்டுவிட்டாள்.

"ஐயா, உங்க டேப்பு" என்று அவள் கழுத்தைக் காட்டினாள். அப்போதுதான் பார்த்தார். அளவு டேப்பைக் கழற்றாமலே தெருவெல்லாம் நடந்து வந்திருக்கிறார். அதன் இரண்டு முனையும் மார்புக்கு முன்னால் தொங்கிக்கொண்டிருந்தன.