அட்டை விரித்த ஞாயிறு

புது பிரிட்ஜ் வந்திறங்கிய அன்று வீட்டில் எல்லோரும் பிரிட்ஜைப் பார்த்தார்கள். சமையல்காரி செல்லியம்மாள் மட்டும் அது வந்த அட்டைப் பெட்டியைப் பார்த்தாள். ஆளுயரப் பெட்டி. பிரித்து விரித்தால் இரண்டு பேர் தாராளமாகக் காலை நீட்டி உட்காரலாம். கண்ணாலேயே அளந்துவிட்டாள். ஹாங்காங்கில் பதினான்கு வருஷம் ஞாயிறு தவறாமல் அட்டை தேடிப் பழகிய கண் அது.

“இந்த அட்டைய நான் எடுத்துக்கறேம்மா.”

“எடுத்துக்கோ. எதுக்கு செல்லி, வூடு ஒழுவுதா?” என்றாள் ரேணுகாம்பாள். காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் பட்டு ஷோரூம் வைத்திருக்கும் தணிகாசலத்தின் மனைவி. நல்லவள்தான். பண்டிகைக்குப் புடவை எடுத்துக் கொடுப்பாள், காய்ச்சல் வந்தால் மாத்திரை வாங்கித் தருவாள். லீவு மட்டும் தரமாட்டாள். அப்படி ஒன்று சமையல்காரிக்கு உண்டு என்பதே அவளுக்குத் தோன்றியதில்லை.

“ஞாயித்துக்கெழம உக்கார்றதுக்கு. இனிமே எனக்கு ஞாயித்துக்கெழம லீவு வேணும்மா.”

ரேணுகாம்பாள் சிரித்தாள். செல்லியம்மாள் கூடச் சேர்ந்து சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினாள். “ஞாயித்துக்கெழமதான் மெட்ராஸ்லேர்ந்து பட்டெடுக்க பார்ட்டிங்க வருவாங்க. ஐயா பாதிப் பேர வூட்டுக்குச் சாப்பிடக் கூட்டிக்கினு வந்துடுவாரு. செவ்வாக்கெழம மத்தியானம் வேணா கொஞ்சம் படுத்துக்கோ.”

“படுக்கறதுக்குக் கேக்கலம்மா.”

“அப்பறம் எதுக்கு?”

அதைத்தான் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. ஹாங்காங் என்றால் நம் ஆட்களுக்கு வானத்தைத் தொடும் கட்டிடமும் செல்போன் கடையும்தான் ஞாபகம் வரும். செல்லியம்மாளுக்கு நினைவில் நிற்பது தரை. சொந்த ஊரான தென்னேரியிலிருந்து போய், அங்கே ஒரு வக்கீல் வீட்டில் துணி துவைத்து, சமைத்து, அவர் தாயாரைத் தூக்கிக் குளிப்பாட்டினாள். ஆறு நாள் மாடு மாதிரி உழைப்பு. ஏழாம் நாள் லீவு. அது சட்டம். அன்று காலையில் தின் ஹாவ் என்கிற கடலம்மன் கோயிலில் சுருள் சுருளாகத் தொங்கும் ஊதுபத்திப் புகையில் கண் எரிய ஒரு கும்பிடு. பிறகு ஊர் நடுவே, பெரிய பேங்குக்கு அடியில், அட்டையை விரித்து உட்கார்ந்துவிடுவாள். அவள் மட்டுமா? பிலிப்பைன்ஸ்காரிகள், இந்தோனேசியாக்காரிகள் என்று ஆயிரக்கணக்கில். ஒருத்திக்கு ஒருத்தி முடி வெட்டுவார்கள், பாடுவார்கள், சீட்டாடுவார்கள். கோட்டு சூட்டு போட்டவன் ஒதுங்கித்தான் போக வேண்டும்.

இங்கே வந்த இரண்டு வருஷத்தில் அவளுக்குக் கிழமையே மறந்துபோனது. அந்த அட்டையைப் பார்த்த பிறகுதான் நினைவு வந்தது. இத்தனை ஞாயிறுகளை வாயை மூடிக்கொண்டு வாரிக் கொடுத்திருக்கிறோமே என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

அந்த ஞாயிறு சொல்லிவிட்டே போனாள். “நாளைக்கு வரமாட்டேம்மா,” என்று சனிக்கிழமை இரவு மாவை அரைத்து வைத்துவிட்டுக் கிளம்பினாள். காலையில் தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டி, அட்டையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காந்தி ரோட்டுக்கு வந்தாள். அங்கே ஒரு பேங்க். ஞாயிற்றுக்கிழமை ஷட்டர் இறங்கியிருக்கும். வாசலில் கல் பதித்த அகலமான இடம், மேலே கான்கிரீட் நிழல். ஹாங்காங் பேங்கின் கால் தூசிக்குப் பெறாது. ஆனாலும் பேங்க் பேங்க்தானே. விரித்தாள், உட்கார்ந்தாள், காலை நீட்டினாள்.

கால் மணி நேரம் சுகமாக இருந்தது. காமாட்சி அம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டுப் பட்டெடுக்க வந்த ஒரு வேன் கூட்டம் எதிரே இறங்கியது. அதில் ஒரு பெரியவர் நேராக அவளிடம் வந்து, அஞ்சு ரூபாய்க் காசு ஒன்றை மடியில் போட்டுவிட்டுப் போனார். பின்னாலேயே வந்த அம்மாள் ஒரு புளியோதரைப் பொட்டலத்தை வைத்தாள்.

கோயில் ஊர். தரையில் உட்கார்ந்தவள் கையேந்துகிறவள்தான் என்பது இங்கே யாரும் சொல்லிக் கொடுக்காமலே எல்லோருக்கும் தெரியும். செல்லியம்மாளுக்கு முகமெல்லாம் தீப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது. எழுந்து ஓடிவிடலாமா என்றுதான் முதலில் நினைத்தாள். ஓடவில்லை. அந்த அம்மாளை எட்டிப் பிடித்து, காசையும் பொட்டலத்தையும் கையில் திணித்தாள்.

“நான் பிச்ச எடுக்கலம்மா. லீவுல இருக்கறேன்.”

அந்த அம்மாள் இவளைப் பைத்தியம் என்று முடிவு கட்டி வேகமாக நடந்தாள். திரும்பி வந்து உட்கார்ந்த செல்லியம்மாளுக்கு அழுகை முட்டியது. அழுதாள். அழுது முடித்தும் எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் வரை அதே இடத்தில் வீம்பாக உட்கார்ந்திருந்தாள்.

ஊருக்குக் கண் காது எல்லாம் உண்டு. திங்கட்கிழமை காலை, அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே ரேணுகாம்பாள் வந்து நின்றாள்.

“தணிகாசலம் வூட்டு சமயக்காரி பேங்க் வாசல்ல பிச்ச எடுக்கறான்னு கடத்தெருவே சிரிக்குது. எங்க மானத்த வாங்கணும்னே கெளம்பிட்டியா?”

“நான் யார் கிட்டயும் கையேந்தலம்மா. உக்காந்துக்கினு இருந்தேன்.”

“உக்கார்றதுக்கு வூடு இல்லியா உனக்கு?”

“வூட்ல உக்காந்தா யாருக்குத் தெரியும்? இன்னிக்கி இவளுக்கு வேல இல்லன்னு நாலு பேரு பாக்கணும். அதுக்குப் பேருதாம்மா லீவு.”

“அது ஹாங்காங்கு. இது காஞ்சிபுரம்.” ரேணுகாம்பாள் விரலை நீட்டினாள். “வர்ற ஞாயித்துக்கெழம நம்ம பொண்ணு அபிநயாவுக்கு வரப்போற மாமியார் வராங்க. கோயிலுக்குப் போய்ட்டு, கடைல முகூர்த்தப் பட்டு எடுத்துட்டு, இங்க சாப்பாடு. அன்னிக்கி நீ அடுப்படில இருக்கணும். இல்லன்னா திங்கக்கெழமலேர்ந்து வரவே வேணாம்.”

செல்லியம்மாள் அடுப்பைப் பற்றவைத்தாள். பிள்ளையார்பாளையத்தில் ஒற்றை அறையில் குடியிருக்கிற தனிக்கட்டை அவள். ஹாங்காங் சம்பாத்தியம் எல்லாம் தென்னேரியில் தம்பி பெயரில் மாடி வீடாக எழும்பி நிற்கிறது. அதில் அவளுக்கு ஒரு பாய் விரிக்க இடமில்லை. இந்த வேலை போனால் வாடகைக்கு வழியில்லை. ஐம்பது வயதுக்காரியை, அதுவும் லீவு கேட்கிறவளை, எவள் அடுப்படியில் சேர்ப்பாள்?

ஆனாலும் சனிக்கிழமை சாயங்காலம் காயெல்லாம் நறுக்கி வைத்தாள், புளி கரைத்தாள், பாயசத்துக்கு முந்திரி உடைத்து வைத்தாள். “எல்லாம் எடுத்து வெச்சிட்டேம்மா. அடுப்புல ஏத்தறதுதான் பாக்கி. திங்கக்கெழம வரேன்,” என்றாள். ரேணுகாம்பாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஞாயிறு காலை அட்டையை விரித்தபோது ருக்ஸானா வந்தாள். ஷோரூம் புடவைகளுக்கு முந்தானைக் குஞ்சம் கட்டித் தருகிறவள், செல்லியம்மாளுக்குப் பக்கத்து வீடு. அவளுக்கும் ஞாயிறு, திங்கள் எல்லாம் ஒன்றுதான். மடியில் ஒரு அரக்கு நிறப் பட்டுப் புடவையை வைத்துக்கொண்டு பேங்க் படியில் உட்கார்ந்தாள். அட்டையில் உட்காரவில்லை.

“நான் சும்மா தொணைக்கு வந்தேன்கா. அல்லா, யாரானா பாத்தா? இது அபிநயா பொண்ணோட நிச்சயப் பொடவ. நாளைக்குக் காலைல தரணும்.”

“வேலைய தூக்கிக்கினு லீவுக்கு வந்த மொத ஆளு நீதான் புள்ள.”

“கை சும்மா இருந்தா எனக்குப் பயமா இருக்குதுக்கா. உங்க ஹாங்காங்கப் பத்தி சொல்லுங்க. கேட்டுக்கினே கட்றேன்.”

செல்லியம்மாள் சொன்னாள். நம் ஊர் மாதிரி ஆயிரம் வருஷத்துக் கோபுரம் வைத்திருக்கிற ஊர் இல்லை அது. மீன் பிடிக்கிறவர்களும் கல் உடைக்கிறவர்களும் இருந்த மலைத் தீவு. சீனாக்காரன் தலையில் அபினியைக் கட்டியே தீருவேன் என்று சண்டை போட்டு வெள்ளைக்காரன் பிடுங்கிக்கொண்டது. அந்த அபினி விளைந்தது நம் நாட்டில். சண்டைக்குப் போன கப்பலில் மதராஸ் சிப்பாய்களும் இருந்தார்கள். அப்புறம் இடம் போதவில்லை என்று கடலையே மண் போட்டுத் தூர்த்தார்கள்.

“நாங்க அட்ட போட்டு உக்காருவமே, அது ஒரு காலத்துல கடலு. அங்க ராணி செலைய வெச்சாங்களாம். ஜப்பான்காரன் வந்து பேத்துக்கினு போய்ட்டான். சண்ட முடிஞ்சி ராணி திரும்பி வந்தா பழைய எடம் கெடைக்கல, வேற பார்க்குல போய் உக்காந்துக்கிச்சி. இப்ப அங்க செலையா நிக்கறது யாரு தெரியுமா? ஒரு பேங்க் மேனேஜரு.”

ருக்ஸானா குலுங்கிச் சிரித்தாள். “உங்கள யாரும் தொரத்தலியா?”

“தொரத்தாமயா? எங்கூட இருந்த பிலிப்பைன்ஸ்காரி மரிசெல் சொல்லுவா. கடைக்காரங்கதான் ஞாயித்துக்கெழம ரோட்ல காரு வராம மூடச் சொன்னாங்களாம். பணக்காரங்க நடந்து வந்து வாங்குவாங்கன்னு. வந்தது வேலைக்காரிங்க! உடனே, இவங்கள கார் நிறுத்தற எடத்துக்குத் தள்ளுங்கன்னு கூச்சல் போட்டாங்களாம். எங்களுக்கு முந்தி வந்தவளுங்க நகரல. அவளுங்க நகராததால எனக்கு எடம் கெடச்சிது.” நீட்டிய காலை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொண்டாள். “புயல் வந்தா மட்டும் போவோம். எட்டாம் நம்பர் கொடின்னு ஒண்ணு. அத ஏத்திட்டா ஊரே கடைய மூடிட்டு வூட்டுக்கு ஓடும்.”

ருக்ஸானா கையிலிருந்த குஞ்சம் நழுவியது. தலை முக்காட்டை மூக்கு வரை இழுத்துக்கொண்டாள்.

“அக்கா, எட்டாம் நம்பர்!”

கோயிலிலிருந்து வந்த கார் பேங்க் எதிரில் நின்றிருந்தது. தணிகாசலம், ரேணுகாம்பாள், கூடவே கழுத்து நிறைய நகையோடு சம்பந்தியம்மாள்.  நீட்டிய காலை மடக்கலாமா என்று செல்லியம்மாளுக்கு ஒரு கணம் தோன்றியது. மடக்கவில்லை.

சம்பந்தியம்மாள் தரிசனம் முடித்த கையோடு வந்திருக்கிறாள். தரையில் ஒருத்தியைக் கண்டதும் கைப்பையைத் திறந்தாள். பத்து ரூபாய் நோட்டு ஒன்று அட்டையில் வந்து விழுந்தது.

“அட, இங்கல்லாம் எதுனாச்சும் உக்காந்துக்கினு இருக்கும். நீங்க வாங்கம்மா,” என்று தணிகாசலம் அவசரப்பட்டார். இரண்டு வருஷமாக அவள் போட்ட சோற்றைத் தின்றவர்.

அந்தச் சொல்தான் செல்லியம்மாளை எழுப்பியது. நோட்டை எடுத்துக்கொண்டு போய் சம்பந்தியம்மாளிடம் இரண்டு கையாலும் நீட்டினாள்.

“நான் பிச்ச எடுக்கறவ இல்லம்மா. தணிகாசலம் ஐயா வூட்ல சமயல் செய்றவ. இன்னிக்கி லீவு.”

சம்பந்தியம்மாள் நோட்டையும் பார்த்தாள், தணிகாசலத்தையும் பார்த்தாள். அவர் பார்வை ஷோரூம் போர்டைத் தேடிப் போனது. மிச்சம் இருந்தது ரேணுகாம்பாள். விடியற்காலையிலிருந்து அடுப்படியில் வெந்த முகம், கைவிரலில் எண்ணெய் தெறித்த கொப்புளம். இவள் யாரென்றே தெரியாது என்று சொன்னால் போதும், கதை முடிந்தது. ஆனால் பொய் நிற்காது; கல்யாணத்துக்கு வந்து பந்தியில் இதே முகத்தைப் பார்த்தால், வேலைக்காரியைத் தெருவில் பிச்சைக்கு விட்ட வீடு என்று சம்பந்தி வீடு முழுக்கப் பேசும்.

“ஆமாங்க,” என்றாள் ரேணுகாம்பாள் கடைசியில். “நம்ம செல்லியம்மா. ஞாயித்துக்கெழம அவங்களுக்கு லீவு.”

“வாரா வாரமா?”

“வாரா வாரந்தான். எங்க வூட்ல அப்படித்தான்.”

“பரவால்லியே! எங்க வூட்ல கூட இல்ல,” என்று சம்பந்தியம்மாள் நோட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். “அப்ப இன்னிக்கி உங்க கை சமயலா?”

“என் கை சமயல்தான்,” என்றாள் ரேணுகாம்பாள். செல்லியம்மாளை அவள் பார்த்த பார்வையில் பச்சை மரமும் பற்றிக்கொள்ளும். செல்லியம்மாள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

“நாளைக்கு வெள்ளன வந்துடறேம்மா,” என்றாள், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

“வா,” என்றாள் ரேணுகாம்பாள். வேறு என்ன சொல்ல முடியும்?

அவர்கள் நாலு எட்டு வைத்திருப்பார்கள். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. முக்காட்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு ருக்ஸானா எழுந்து நின்றிருந்தாள். கையிலிருந்த புடவை பைக்குள் போயிருந்தது.

“அம்மா, அபிநயா பொண்ணு பொடவைக்குக் குஞ்சம் நாளைக்கு முடியாது. செவ்வாக்கெழமதான். எனக்கும் இன்னிக்கி லீவு.”

ரேணுகாம்பாள் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் சம்பந்தியம்மாள் நின்றதால் வாயைத் திறக்கவில்லை.

ருக்ஸானா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். செல்லியம்மாள் அட்டையில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.