முதல் கடை

கிழக்கு வெளுக்கும் முன்பே மீன்காரி ஐஸ் உடைக்கத் தொடங்கிவிடுவாள். பாளத்தைச் சாக்குக்குள் போட்டு, கட்டையால் ஓங்கி அடிக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் தோள்பட்டை விண்ணென்று தெறிக்கும். உடைந்ததை வாரிக் கூடைகளில் பரப்பி முடிப்பதற்குள் விரல்கள் மரத்து, தன் கையா பிறத்தியார் கையா என்று தெரியாமல் போய்விடும். பக்கத்தில் அவளுடைய நாத்தனார் வெங்காய மூட்டையைப் பிரித்து, அழுகலை ஒதுக்கிக்கொண்டிருப்பாள்.

"அண்ணி, உன் மீன் கவிச்சி என் வெங்காயத்துல ஏறுது."

"உன் வெங்காயத்தால என் மீனே அழுவுது, போடி."

தினமும் இதே சண்டைதான். இது இல்லாமல் இருவருக்கும் பொழுது விடியாது.

அவர்கள் கடை போட்டிருந்த கொட்டகை ஒரு முதலாளிக்குச் சொந்தமானது; ஒரு காலத்தில் பாழடைந்த கிடங்கு. நடைபாதையிலிருந்து கூடையும் கையுமாக விரட்டப்பட்ட பெண்கள் ஒன்றுசேர்ந்து அதை வாடகைக்குப் பிடித்தார்கள். எலி வளைகளை அடைத்ததும், உடைந்த செங்கல்லைப் பொறுக்கிவந்து தரை போட்டதும் அவர்கள்தான். கூட்டுவது, தண்ணீர் பிடிப்பது, வாசலில் தகராறு வந்தால் முன்னால் நிற்பது எல்லாமே முறை வைத்து நடந்தது. யாருக்கு எந்த இடம் என்பதைக்கூடத் தரையில் உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்கள். அவர்கள் கையில் இல்லாதது கூரை ஒன்றுதான். உத்திரம் உளுத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. மூலைக் கடைத் தையல்காரி ஆட்களைத் திரட்டிக்கொண்டு பலமுறை முதலாளி வீட்டு வாசலில் போய் நின்றாள். "பார்க்கலாம்மா" என்பார் அவர். ஏணி போட்டுப் பார்க்க ஒரு ஆள்கூட வந்ததில்லை.

மழை அடித்துப் பெய்து ஓய்ந்த ஒரு காலையில், மீன்காரி கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் கொட்ட எழுந்தாள்.

"பூனை வரும். கொஞ்சம் பார்த்துக்க."

"பார்த்துக்கறேன். வர்றதுக்குள்ள பாதியை வித்துடுவேன் பாரு" என்று நாத்தனார் நகர்ந்து, மீன்காரியின் பலகையில் உட்கார்ந்தாள்.

சாக்கடை ஓரத்தில் வாளியைக் கவிழ்க்கும்போது சத்தம் கேட்டது. மலைபோல் எதுவோ சரிந்த சத்தம். திரும்பி ஓடினாள். உத்திரமும் தகரமும் அவள் இடத்தின் மேல் கிடந்தன. எல்லாரும் வெறுங்கையால் தகரத்தைத் தூக்கினார்கள். உள்ளங்கை கிழிந்தது யாருக்கும் தெரியவில்லை. நாத்தனாரின் உடம்பில் சூடு இருந்தது. உயிர் இல்லை.

உடலைக் கழுவியபோது தலைமுடிக்குள்ளிருந்தும் ரவிக்கை மடிப்பிலிருந்தும் வெங்காயச் சருகு வந்துகொண்டே இருந்தது. எவ்வளவு தண்ணீர் ஊற்றியும் தீரவில்லை. மீன்காரி ஒவ்வொன்றாக எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். ஓட்டலில் பாத்திரம் கழுவும் நாத்தனார் மகள் சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அதுதான் மீன்காரியை அறுத்தது.

துக்கம் விசாரிக்க முதலாளி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"நடந்தது நடந்துபோச்சும்மா. இனி ஆகவேண்டியதைப் பார்க்கணும். விசாரணைக்கு ஆள் வருவாங்க. தார்ப்பாய் கட்டுறதுக்கு உங்க நாத்தனார் உத்திரத்துல கயிறு போட்டு இழுத்தாங்க, அதான் விழுந்துச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும்னா யாரு?"

"நீங்க சொன்னா போதும். வீட்டு ஆளு சொன்னா மறுபேச்சு இல்ல." குரலைத் தாழ்த்தினார். "கொட்டகையை இடிச்சுட்டுப் புதுக் கட்டடம் கட்டப்போறேன். வாசல் பக்கம் முதல் கடை உங்களுக்கு. உள்ளேயே குழாய்."

"மத்தவங்களுக்கு?"

"ஊரையே நான் தூக்கிச் சுமக்க முடியுமா?"

மீன்காரிக்கு அந்தக் குழாய் ஒரு கணம் கண்ணில் தெரிந்தது. குனிந்து குனிந்து வாளி தூக்காத முதுகு எப்படியிருக்கும் என்று நினைத்தாள். தன் பலகையில் நாத்தனார் உட்கார்ந்ததும் அப்போதே நினைவுக்கு வந்தது.

"அவ கயிறு போடல. என் மீனுக்குக் காவல் உட்கார்ந்திருந்தா."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"செத்தவ வாயில்லாதவன்னு பழியை அவ தலையில வைக்கிறீங்க. அவ உசிரோட இருந்திருந்தா இந்தப் படியில நீங்க கால் வைப்பீங்களா?"

முதலாளி எழுந்தார். "பேச்சு நல்லாத்தான் இருக்கு. நாளையிலேர்ந்து கொட்டகை கேட்டுக்குப் பூட்டு. அப்புறம் எங்கே போய் இப்படிப் பேசுவீங்கன்னு பார்க்கறேன்."

அன்று சாயங்காலம் தையல்காரியின் வீட்டில் துணிக்குவியலுக்கு நடுவே எல்லாரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். முதலாளி சொன்னதை மீன்காரி மறைக்காமல் சொன்னாள். குழாய் கண்ணில் தெரிந்ததையும் சொன்னாள். கீரைக்காரி தலையைக் குனிந்துகொண்டு முணுமுணுத்தாள்.

"முதல் கடையா? அதை எனக்கில்ல குடுத்தாரு."

"உனக்குமா?" என்றாள் தேங்காய்க்காரி. "வாசல் பக்கம், உள்ளேயே குழாயா?"

"அதேதான்."

"என்கிட்டயும் அதையேதான் சொன்னாரு பாவி."

தையல்காரி நெற்றியில் கைவைத்துக்கொண்டாள். "அந்தக் கட்டடத்துல எத்தனை முதல் கடைடி இருக்கு?"

யாரோ சிரித்துவிட்டார்கள். சிரிப்பு பற்றிக்கொண்டது. சாவு விழுந்தபின் வந்த முதல் சிரிப்பு. அது முடியும் இடத்தில் அழுகையாக மாறியது. இந்த வேடிக்கையைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கவேண்டியவள் இல்லையே என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. அழுது ஓய்ந்ததும் தையல்காரி கேட்டாள்: "இப்ப என்ன செய்யலாம்?"

"காலையில எப்பவும் போல வருவோம்" என்றாள் மீன்காரி. "உள்ள விடலைன்னா வாசல்ல கடை போடுவோம்."

மறுநாள் விடியும்போது கேட்டில் பூட்டு தொங்கியது. எதிரே மதிலின் நிழலில் பெண்கள் வரிசையாகச் சாக்கு விரித்தார்கள். முதலாளியின் கார் வந்து, ஹாரன் அடித்து, யாரும் நகராததால் பின்னாலேயே போனது.

"போலீசைக் கூட்டிட்டு வரப் போறாரு" என்றான் கேட்டில் நின்ற முதலாளியின் காவல்காரன். "எழுந்து போயிடுங்கம்மா."

"வரட்டும்" என்றாள் தையல்காரி. "அவ எப்படிச் செத்தான்னு அவங்க கேட்கட்டும். நாங்க எல்லாரும் சொல்றோம். கூரையை மாத்தி எங்களை உள்ளே விடுற வரைக்கும் இதுதான் சந்தை."

மீன்காரி கத்தியைத் தீட்டினாள். பக்கத்தில் இருந்து சண்டைக்கு இழுக்க ஆளில்லாத அந்தக் காலை, ஐஸைவிடச் சில்லிட்டிருந்தது.

தெருமுனையிலிருந்து நாத்தனார் மகள் வந்தாள். இடுப்பில் மூட்டை. வீங்கிய கண்கள். இரவெல்லாம் அழுதிருக்கிறாள்.

"அம்மா வாங்கிப்போட்ட வெங்காயம், அத்தை. வீட்டுல கிடந்தா அழுகிடும்." சுற்றிப் பார்த்தாள். "எங்கே உட்காரட்டும்?"

நிழலில் ஒரு கூடை வைக்கவும் இடமில்லை. மீன்காரி தன் கூடைகளைத் தள்ளினாள்.

"கொஞ்சம் நகருங்கடி."

தேங்காய்க்காரி நகர்ந்தாள். அவளுக்கு அடுத்தவள் நகர்ந்தாள். சாக்குகள் ஒவ்வொன்றாகத் தரையில் உரசி, வரிசை முழுவதும் மெல்ல நகர்ந்தது. கடைசியில் இருந்த கீரைக்காரி நிழலைத் தாண்டி வெயிலுக்குப் போய்விட்டாள். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, கீரைக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு, அங்கிருந்தே குரல் கொடுத்தாள்: "உட்காரு கண்ணு, உட்காரு."