இடது மேல், வலது கீழ்

ஜெயமேரிக்கு எழுத்து வந்தது முப்பத்தெட்டு வயதில். வந்த எழுத்து சும்மா கிடக்கவில்லை. ஒரே வருஷத்தில் அவளை இழுத்துக்கொண்டுபோய் ஆபீஸ் அறை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டது.

திண்டுக்கல்லில் மிஷன் நடத்திய லேஸ் கூடம் அது. முப்பத்திரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கொரு வைக்கோல் திண்டு மடியில். திண்டின் மேல் ஓட்டை போட்ட அட்டை, ஓட்டைக்கு ஓட்டை குண்டூசி, குண்டூசியிலிருந்து தொங்கும் நூல், நூலின் நுனியில் விரல் நீள மரக்கட்டை. அந்தக் கட்டைகளைத் தாண்டவிட்டும் முறுக்கியும்தான் பூ விழும், வலை விழும். கட்டைகள் மோதுகிற சத்தம் காலை எட்டு மணிக்குப் பிடித்தால் ஓட்டின்மேல் மழை பெய்கிறாற்போல ஐந்து மணி வரைக்கும் ஓயாது. சொல்லிக்கொடுத்த வெள்ளைக்கார சிஸ்டர் சீமைக்குத் திரும்பிப்போய்ச் செத்தும் போனாள். அவள் விட்டுப்போனது ஒரு இங்கிலீஷ் புத்தகம்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் தவக்காலத்தில் மேனேஜர் கஸ்பார் அந்தப் புத்தகத்தைக் கையில் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். கட்டைச் சத்தம் நின்றது.

“வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் எல்லா ஊரு லேசும் ஒண்ணுபோல வேணுங்கிறான். சாணார்பட்டியிலயும் புதுசா இருபது பொண்ணுகளை உக்கார வைக்கிறோம். அதனால இந்தப் புஸ்தகத்தத் தமிழ்ல போடப்போறோம். ஜூன் மாசம் மெட்ராஸ்ல இருந்து ஒரு அம்மா வருவாக. புஸ்தகத்த வாசிப்பாக. வாசிக்கிறபடி கை போகணும். போகாதவுகளுக்குத் திண்டு கிடையாது.”

திண்டு கிடையாது என்றால் வேறு எங்கே போவது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். தோல் ஷாப்புக்குத்தான். ஜெயமேரி ஆறு வருஷம் அங்கே தோல் ஊறப்போடும் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவள். அவள் குதிகால் வெடிப்பு இன்னும் மூடவில்லை.

புத்தகத்தைத் தமிழாக்க அமர்த்தியிருந்தவர் இருதயநாதன். ரிட்டயர் ஆன பள்ளிக்கூட வாத்தியார். இங்கிலீஷ் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் லேஸை அவர் சர்ச் பீடத்துத் துணியின் ஓரத்தில் பார்த்ததோடு சரி. கூடத்தில் எழுத்தும் தெரிந்து கட்டையும் உருட்டத் தெரிந்தவள் ஜெயமேரி ஒருத்திதான் என்பதால் அவளைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார்.

“குறுக்கும் நெடுக்கும் ஓடுற ஒரு ஜோடிக் கட்டைக்கு வேலையாள்னு பேரு வச்சிருக்கான். நான் ‘பணியாளர்’னு எழுதியிருக்கேன். சரிதானே?”

ஜெயமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“என்னம்மா சிரிப்பு?”

“நாங்க அதை ஓடுகாலிம்போம் சார்.”

“கூடத்துக்குள்ளயா?”

“கட்டையத்தான் சார். இங்கிட்டுத் தொட்டுட்டு அங்கிட்டு ஓடுதுல்ல? ஓடாமத் தொங்கிக்கிட்டே கிடக்குறதுக்குக் குடும்பக்காரின்னு பேரு.”

“ஃபாதர் வாசிப்பாரேம்மா!” என்று வாத்தியார் நெற்றியைத் தேய்த்தார். கடைசியில் ஓடுற ஜோடி, நிக்கிற ஜோடி என்று சமாதானம் ஆயிற்று. அவர் ‘சிலந்தி’ என்று எழுதியிருந்ததைக் கூடத்தில் நண்டு என்பார்கள். ‘இலை’ என்றால் எந்த இலை என்று கேட்டாள். புளிய இலை என்று திருத்திக்கொண்டார். ‘தளம்’ என்று போட்டிருந்தது அவர்களுடைய வலை. இருபது வருஷமாக வாயில் மட்டும் கிடந்த சொற்கள் ஒவ்வொன்றாக வாத்தியாரின் பச்சை மசியில் இறங்கின. ஜெயமேரிக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றுதான் இருந்தது.

மூன்றாம் நாள் அவள் கூடத்துக்குத் திரும்பியபோது பேச்சு நின்றது. நாலாம் நாளும் நின்றது. எப்போதும் “நண்டு பிடிச்சிட்டியா?”, “ஏய், ஓடுகாலிய இழுத்துக் கட்டு” என்று கிடக்கிற கூடம், அவள் தலையைக் கண்டதும் வாயைத் தைத்துக்கொண்டது. கட்டைகள் மட்டும் பேசின.

“என்னடி வாத்தியாரம்மா, இன்னைக்கு எம்புட்டுச் சொல்லு கொண்டுபோய்க் கொடுத்த?” என்று கேட்டாள் ரம்ஜான் பீவி. கூடத்தில் கைவேகம் அவளுக்குத்தான். சிஸ்டரிடம் முதன்முதலில் உட்கார்ந்த நாலு பேரில் மிச்சம் இருப்பவளும் அவள்தான். மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான்.

“எல்லாருக்கும் நல்லதுக்குத்தானக்கா. நம்ம சொல்லாவே இருந்தா சோதிக்கையில தடுமாற மாட்டோம்ல?”

“நம்ம சொல்லு நம்ம வாயில இருக்குற வரைக்கும் நம்மளது. சாணார்பட்டிக்குப் பஸ் ஏறிப் போயிருச்சுன்னா?”

ஜெயமேரி தன் திண்டை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

எட்டாம் நாள் வாத்தியார் முதல் பாடத்துக்குத் திரும்பினார். அது சுலபம் என்று கடைசிக்கு ஒதுக்கியிருந்தார். “தாண்டு. நடுவில் உள்ள இரண்டு கட்டைகளில் இடப்பக்கத்தை வலப்பக்கத்தின் மேல் வை” என்று வாசித்தார்.

ஜெயமேரி மேஜையில் கிடந்த நாலு பென்சிலை வரிசையாக வைத்தாள். கை தானாகப் போயிற்று. நடுவிலிருந்த இரண்டில் வலது பென்சில் எழுந்து இடதின் மேல் ஏறியது.

“இடதும்மா.”

“வலதுதான சார் மேல?”

வாத்தியார் படத்தைத் திருப்பிக் காட்டினார். இரண்டு நூல் ஒன்றை ஒன்று தாண்டுகிற படம். இடது மேல், வலது கீழ். சந்தேகத்துக்கு இடமில்லை. அடுத்த படம், அதற்கடுத்த படம், புத்தகம் முழுக்க அப்படித்தான்.

கூடத்தில் முப்பத்திரண்டு பேருக்கும் வலதுதான் மேலே. ஒருத்திக்குக்கூட இடது கிடையாது.

எப்படி நடந்தது என்பது அவளுக்குப் பிடிபட அதிக நேரம் ஆகவில்லை. சிஸ்டருக்குத் தமிழ் தெரியாது. இவர்களுக்கு அவள் பாஷை தெரியாது. நாலு பேரையும் எதிரே உட்கார வைத்து, முழங்காலோடு முழங்கால் இடிக்க, என் கையைப் பார் என்று காட்டியிருக்கிறாள். அவள் இடது பக்கம் எழுந்தது இவர்கள் கண்ணுக்கு வலது பக்கம் எழுந்தது. கண்ணாடி பார்த்துத் தலை சீவுகிற மாதிரி அப்படியே கற்றுக்கொண்டார்கள். அந்த நாலு பேரிடம் மற்றவர்கள். பூவுக்கு வித்தியாசம் தெரியாது. எல்லோரும் ஒரே பக்கம் தாண்டும்வரை வலைக்கும் தெரியாது. சிஸ்டர் விழுந்த பூவைப் பார்த்தாளே தவிர, அதைப் போடுகிற கையைப் பார்க்கவில்லை.

“யாருக்கும் சொல்லாதீக சார். செத்த பொறுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

மத்தியானம் கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவுகிற இடத்தில் ரம்ஜான் பீவியிடம் சொன்னாள். பீவி முதலில் சிரித்தாள். பிறகு கூடத்துக்குப் போய்த் தன் திண்டை எடுத்து மடியில் வைத்தாள்.

“சொல்லு.”

“இடது மேல.”

பீவியின் வலது கை எழுந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு இடதை எடுத்தாள். தாண்டியாயிற்று. அடுத்ததற்கு மறுபடி வலது கைதான் முந்திக்கொண்டது. மூன்றாவதில் நூல் சிக்கியது. நாலாவதில் முடிச்சு விழுந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் பீவியின் திண்டில் முடிச்சு விழுந்ததை யாரும் பார்த்ததில்லை. பக்கத்தில் இருந்த அழகம்மாளும் முயன்றாள். அவளுக்கு ஆறாவதில் சிக்கியது. ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் முயன்றார்கள். மழைச் சத்தம் போல இருந்த கூடம், யாரோ எங்கேயோ கதவைத் தட்டிவிட்டுத் தட்டிவிட்டு ஓடுகிற மாதிரி ஆயிற்று.

“ஜூன் மாசம் வரைக்கும் இப்படியே பழகினா?” என்று கேட்டாள் அழகம்மாள்.

“எதுக்கு? ஒழுங்கா வந்துக்கிட்டிருக்குறதும் கெட்டுப்போறதுக்கா?” என்றாள் பீவி. சிக்கிய நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். பிறகு ஜெயமேரியின் முகத்தையே பார்த்தாள். அதில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் தேவலை. “எழுதத் தெரிஞ்சவ நீ. நாங்க தோல் ஷாப்புக்குப் போறதும் இங்கன இருக்குறதும் இப்ப உன் பேனாவுல நிக்குது மேரி.”

மறுநாள் ஜெயமேரி வாத்தியாரிடம் கேட்டாள். “வலது மேலன்னு எழுதீருங்க சார்.”

“படத்துக்கு நேர் எதிரா எழுதச் சொல்றியா? என் பேரு போட்டு அச்சாகுதும்மா.”

“அப்ப பக்கமே சொல்லாதீக. தாண்டுன்னு மட்டும் இருக்கட்டும். நாங்க பக்கம் சொன்னதே இல்ல. தாண்டு, முறுக்கு, தாண்டு. அம்புட்டுத்தான்.”

வாத்தியார் ரொம்ப நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பொய் எழுதுவது வேறு, எழுதாமல் விடுவது வேறு என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்போல. அந்த வரியின்மேல் பச்சைக் கோடு ஒன்று விழுந்தது. படங்களை அச்சடிக்க உலோக பிளாக் செய்யச் செலவாகும் என்று கஸ்பாரே படங்களை எடுத்துவிடச் சொல்லிவிட்டார். சாணார்பட்டிப் பெண்கள் எந்தப் பக்கம் தாண்டுவார்கள் என்ற நினைப்பு ஜெயமேரிக்கு ஒரு தரம் வந்தது. வந்ததை அப்படியே முழுங்கிவிட்டாள்.

ஜூன் மாசம் மெட்ராஸ் அம்மா வந்தாள். தாண்டு என்றாள், தாண்டினார்கள். முறுக்கு என்றாள், முறுக்கினார்கள். விழுந்த பூவை லென்ஸ் வைத்துப் பார்த்தாள். முப்பத்திரண்டு பேரும் தேறினார்கள். அன்றைக்குப் பீவி வீட்டிலிருந்து தூக்குவாளி நிறைய நெய்ச்சோறு வந்தது. “வெஞ்சனம் போதுமாடி வாத்தியாரம்மா?” என்று பீவியே கேட்டுக் கேட்டுத் தொடுகறி வைத்தாள்.

கார்த்திகை மாசம் கஸ்பார் அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டார். வாத்தியார் முன்னமே வந்து ஓரமாக நின்றிருந்தார். மேஜைமேல் பீடத்துத் துணி ஒன்று விரிந்து கிடந்தது. சீமையிலிருந்து திரும்பி வந்திருந்தது. அதன் ஓரத்து லேசில் பாதி திண்டுக்கல்லில் போட்டது, பாதி சாணார்பட்டியில் போட்டது. போகும்போது தட்டையாகத்தான் போயிற்று. ஒரு தடவை துவைத்ததும் ஒரு பாதி மேல் நோக்கியும் மறு பாதி கீழ் நோக்கியும் சுருண்டு, இரண்டும் சேர்கிற இடத்தில் தையல் பிய்ந்திருந்தது.

“இதுபோல பதினேழு. சாணார்பட்டி டீச்சருக்கு இங்கிலீஷ் தெரியும். மூலப் புஸ்தகத்த எங்கிட்ட வாங்கிட்டுப்போய்ப் பாத்துச் சொல்லிக்கொடுத்திருக்கா. அவ பொண்ணுகளுக்கு இடது மேல. இங்க வலது மேல” என்றார் கஸ்பார். சத்தமே போடவில்லை. “தமிழ்ப் புஸ்தகத்துல அந்த வரியக் காணோம். வாத்தியாரக் கேட்டா தரையப் பாக்குறாரு.”

“அவரு மேல தப்பில்லய்யா. நான்தான் விடச் சொன்னேன்.”

“எதுக்கு?”

“முப்பத்திரண்டு பேருக்கும் கை அந்தப் பக்கம் போகாதுய்யா. அதான். என்னைய வேணும்னா நிறுத்திருங்க. அவுகளுக்கு ஒண்ணும் தெரியாது.”

கஸ்பார் மேஜை இழுப்பறையிலிருந்து தமிழ்ப் புத்தகத்தை எடுத்து, தாண்டு என்ற சொல் இருந்த பக்கத்தைப் பிரித்து, பேனாவையும் சேர்த்து அவள் முன்னால் நகர்த்தினார்.

“உன்னைய நிறுத்தி எனக்கென்ன ஆகப்போகுது? எழுது. விட்ட வரிய உன் கையாலயே எழுது.”

எழுதினாள். எழுத்து கோணியது. இடது மேல், வலது கீழ். மசி காய்வதற்குள் கஸ்பார் சொன்னார்: “இப்பப் போய் அவுகளுக்கு வாசிச்சுக் காட்டு. தினம் காலையில வாசி. பொங்கலுக்குள்ள யாருக்குக் கை திரும்பலையோ அவுக பேர எனக்கு நீதான் எழுதிக் கொடுக்கணும்.”

கூடத்து வாசலில் அவளைக் கண்டதும் வாசல்பக்கத்துக் கட்டைகள் நின்றன. பிறகு நடு வரிசை, பிறகு கடைசி வரிசை. அழகம்மாள் அவள் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள். புத்தகத்தை விட்டுவிட்டு விரலில் ஒட்டியிருந்த மசியைப் பார்த்தாள் ரம்ஜான் பீவி.

“எழுதிட்டியா?”

ஜெயமேரி தலையாட்டினாள்.

“வாசி.”

வாசித்தாள். முப்பத்தொரு வலது கைகள் எழுந்தன. எழுந்தது தெரிந்து, பாதியில் அப்படியே நின்றன. யாரும் கீழேயும் வைக்கவில்லை, தாண்டவும் இல்லை.

பீவி தன் வலது கையை இடுப்புக்கும் சேலைக்கும் நடுவில் செருகிக்கொண்டாள். இடது கையால் ஒரு கட்டையைத் தொட்டாள்.

“இன்னொரு தடவ வாசி” என்றாள்.