காரோட்டிக்குத் தண்ணீர்

கதவு பனியில் சிக்கிக்கொண்டு மூட மாட்டேன் என்று அடம்பிடித்தது. சவ அடக்கக்காரரின் ஆள் தோளைக் கொடுத்துத் தள்ளினான். மர்ரேயும் ஓடிப்போய்க் கைகொடுத்தான். ஒருவழியாகத் தாழ்ப்பாள் விழுந்தது. கல்லறைத் தோட்டத்தின் மூலையிலிருந்த அந்தக் கற்கட்டடத்துக்குள், இந்தக் குளிரில் செத்துப்போன மற்றவர்களோடு, மர்ரேயின் அண்ணன் கிளிஃபர்டும் பெட்டிக்குள் கிடந்தான். மண் பாறையாக உறைந்திருந்தது. வசந்தத்தில் அது இளகினால்தான் குழி வெட்ட முடியும்.

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் முட்டை சாண்ட்விச்சும் காப்பியும் தயாராக இருந்தன. கையைப் பிடித்துக்கொண்டு “நல்ல மனுஷன்” என்று சொல்ல ஊரும் தயாராக இருந்தது. கிளிஃபர்டின் மனைவி வெர்னாவுக்கு இரண்டுமே தொண்டையில் இறங்காது.

“வண்டிய எடு மர்ரே. தோட்டத்துக்குப் போலாம்” என்றாள்.

“எந்தத் தோட்டம்?”

“பிப்ரவரில ரெண்டாவது சனிக்கிழமை நானும் உங்கண்ணனும் எங்க போவோமோ, அங்க.”

மர்ரே பூட்டிய கதவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். “இப்பத்தானே அவன உள்ள வெச்சோம்.”

“அவனுக்கு ஒண்ணும் அவசரமில்ல. வசந்தம் வரைக்கும் எங்கயும் போகமாட்டான்.”

கிளிஃபர்ட் வாழ்நாள் முழுக்கப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவன். சனி, ஞாயிறில் ஸ்டியரிங்கைத் தொடக்கூட மாட்டான். அதனால் ஒயின் ஊற்றித் தரும் இரண்டு திராட்சைத் தோட்டம், கடைசியாக ஒரு பீர் காய்ச்சும் கொட்டகை என்ற அந்தக் குளிர்காலப் பயணத்தில் எப்போதும் வெர்னாதான் ஓட்டினாள். கோடைக் கூட்டம் இல்லாததால் ஊற்றிக் கொடுப்பவர்களுக்குப் பேச நேரம் இருக்கும் என்பது அவன் கணக்கு. அவன் ஒவ்வொரு கோப்பையாக ருசி பார்ப்பான். காரோட்டிக்கு எலுமிச்சைத் துண்டு மிதக்கும் தண்ணீர். கோட்டைக் கழற்றாமல், கால்விரல் விறைக்க, அவள் பக்கத்தில் நிற்பாள். அந்தப் பயணம் அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காது.

திரும்பி வரும் அந்த ஒரு மணி நேரம் மட்டும் பிடிக்கும். ஆண்டு முழுவதும் வாயைத் திறக்காத மனுஷன் அப்போது மட்டும் விடாமல் பேசுவான். “மூணாவதா குடிச்சேனே, அது மழ விட்டதும் கல்லு வாசன அடிக்குமே, அப்படி” என்பான். அவள் வழுக்கும் சாலையில் கண்ணை வைத்துக்கொண்டு கேட்பாள். ஒரு சொட்டும் குடிக்காமலே அத்தனை ருசியும் அவளுக்கு மனப்பாடம்.

அவன் சொன்ன ருசியெல்லாம் அங்கே இருக்கிறதா என்று இன்று பார்த்துவிட வேண்டும். இருந்தால் அவனில் கொஞ்சமாவது அந்தக் கட்டடத்துக்கு வெளியே இருக்கிறது என்று அர்த்தம். இதை அவள் மர்ரேயிடம் சொல்லவில்லை.

முதல் தோட்டத்தில், குளிரில் பட்டுப்போகாதபடி திராட்சைக் கொடிகளை முன்பே மண்மூடிப் புதைத்திருந்தார்கள். வரிசை வரிசையாக மேடுகள், மேலே பனி.

“கொடிக்கெல்லாம் மண்ணு கெடச்சிருக்கு. எங்கண்ணன்தான் கியூவுல நிக்கிறான்” என்றான் மர்ரே.

வெர்னா சிரித்துவிட்டாள். காலையிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

உள்ளே ஒரு புதுப் பையன் வெள்ளை ஒயினை ஊற்றினான். பச்சை ஆப்பிளும் மழையில் நனைந்த கல்லும் என்று கிளிஃபர்ட் சொன்னது இதைத்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். புளித்தது. இன்னொரு முறை கேட்டு வாங்கிக் குடித்தாள். அப்போதும் புளிப்புதான். நாக்குக்குப் பழக்கமில்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

இரண்டாவது தோட்டத்தில் ஒடெட் இருந்தாள். பல வருஷமாக கிளிஃபர்டுக்கு ஊற்றிக் கொடுத்தவள். விஷயம் அவளுக்கு எட்டியிருந்தது. மேசையைச் சுற்றி வந்து வெர்னாவைக் கட்டிக்கொண்டாள்.

“அந்தச் செவப்பு ஒயின் குடு ஒடெட். பாத்திரத்து அடியில ஒட்டின பிளம் ஜாம் மாதிரின்னு சொல்வானே, அது.”

ஒடெட்டின் கை பாட்டில் மேலேயே நின்றது. “அது நான் சொன்னதுங்க.”

“நீயா?”

“அவருக்குத்தான் சில வருஷம் முன்னாடி வந்த அந்தக் காய்ச்சலுக்கப்புறம் வாசனை, ருசி ரெண்டுமே போயிடுச்சே.” வெர்னாவின் முகத்தைப் பார்த்ததும் ஒடெட்டுக்குக் குரல் இறங்கியது. “உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

வெர்னாவுக்குத் தெரியாது. அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு கருகிய ஈரலைக்கூட அவன் “பிரமாதம்” என்று தின்றான். வயசானதும் மனுஷனுக்கு நல்ல குணம் வந்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

“என்ன ருசின்னு என்னத்தான் கேப்பாரு” என்றாள் ஒடெட். “ரெண்டு தடவ முணுமுணுத்து மனப்பாடம் பண்ணிக்குவாரு. நான் புகையில, தோலுன்னு ஏதாவது சொன்னா, ‘அதெல்லாம் வெர்னா நம்பமாட்டா, அடுப்படியில இருக்கிற மாதிரி ஒண்ணு சொல்லு’ம்பாரு. ‘எதுக்கு இவ்ளோ சிரமம்’னு ஒரு நாள் கேட்டேன். ‘இந்தப் பயணம்னா அவளுக்கு உசுரு, நிறுத்தினா வருத்தப்படுவா’ன்னாரு.”

வெர்னா, ஒடெட் ஊற்றி வைத்த கோப்பையை எடுத்து மிச்சம் வைக்காமல் குடித்தாள். பிளம் ஜாம் இருந்ததா இல்லையா என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஒடெட் சொன்னதைத்தான் அவள் இன்னும் மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள். அவனுக்காக அவள் வந்தாள், அவளுக்காக அவன் வந்தான். வேண்டாம் என்று யாராவது ஒருவர் வாயைத் திறந்திருந்தால் இருவருமே வீட்டில் கதகதப்பாக உட்கார்ந்திருக்கலாம். அந்த ஒரு மணி நேரப் பேச்சும் இருந்திருக்காது.

பீர்க் கொட்டகையில் நல்ல கூட்டம். குழந்தைகளும் நாய்களும் காலைச் சுற்றின, தொலைக்காட்சியில் ஹாக்கி ஓடியது. மர்ரே தண்ணீரை வைத்துக்கொண்டு ஆட்டத்தில் மூழ்கிவிட்டான். கறுப்பு பீரைப் பற்றி கிளிஃபர்ட் என்ன சொன்னான் என்பது நினைவுக்கு வருவதற்குள் வெர்னா அவசரமாக ஒரு வாய் குடித்துவிட்டாள்.

அது அவளுக்குப் பிடித்திருந்தது.

ரொட்டியைத் தீய விட்டுவிட்டு, கரியைக் கத்தியால் சுரண்டும்போது எழும் மணம். அதற்கடியில் ஒரு சின்ன இனிப்பு. யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல, அவளே கண்டுபிடித்தது. அதைச் சொல்ல, கிளிஃபர்ட் எப்போதும் இருக்கும் வலப்பக்கம் திரும்பினாள். அந்த நாற்காலியில் யாரோ ஒருவர் கோட்டைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

திரும்பும்போது மர்ரே ஓட்டினான். இருட்டத் தொடங்கியிருந்தது. அவள் பக்கத்து இருக்கையில் மடியில் கைகளை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஏரிக்கரையைத் தாண்டினார்கள். பெட்ரோல் பங்க்கையும் தாண்டினார்கள். மர்ரே எதுவும் கேட்கவில்லை.

“அந்தக் கறுப்பு பீர் இருக்கே, தீஞ்ச ரொட்டிய சுரண்டுற மாதிரி இருந்துச்சு. அடியில கொஞ்சம் இனிப்பு” என்று அவளே தொடங்கினாள்.

“பீர்தானே வெர்னா” என்றான் மர்ரே, அன்பாகத்தான். கோட்டுப் பையைத் துழாவி ஒரு புதினா மிட்டாயை நீட்டினான். “இந்தா, வாய்ல போட்டுக்க. நல்லாருக்கும்.”

அவள் வாங்கிக்கொண்டாள். பிரிக்காமல் உள்ளங்கையில் மூடிக்கொண்டு, நாக்கிலிருந்த ருசி போய்விடாமல் உதடுகளை இறுக்கிச் சேர்த்தபடி, வீடு வரும்வரை சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.