பதினாறு பொட்டு

என் அம்மாவும் என் வீட்டுக்காரரும் நாலு வருஷமாக ஒரே வீட்டில் இருந்தார்கள். ஒரு வார்த்தை நேருக்கு நேர் பேசிக்கொண்டதில்லை. சண்டையெல்லாம் கிடையாது. மாமியார் மருமகனிடம் முகம் பார்த்துப் பேசக்கூடாது என்பது எங்கள் பக்கத்து மரியாதை. அதைச் சுமந்தவள் நான். அம்மா அடுக்களையிலிருந்து, குழம்பில் உப்பு போதுமா என்று கேட்கச் சொல்லுவாள். எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற மனுஷர், போதும் என்று சொல்லச் சொல்லுவார். இருவருக்கும் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் என் வாய் வழியாக வந்தால்தான் அது பேச்சு.

அவர் பெயரைச் சொல்லமாட்டேன், எழுதினால் தோஷமில்லை: சங்கரபாண்டி. குருவிகுளத்துக்காரர். மழையை நம்பிய வெள்ளாமைக் காட்டை அண்ணன்மாரிடம் விட்டுவிட்டு, டெஸ்டரை நம்பிச் சங்கரன்கோவிலுக்கு வந்த எலக்ட்ரீஷியன். அம்மா முப்பிடாதியம்மாள், அப்பா போன பிறகு பன்னிரண்டு விசைத்தறியைத் தனியாக ஓட்டியவள். தறிக்கூடத்துச் சாவி எப்போதும் அவள் இடுப்பில் இருக்கும்.

எண்பத்து நாலில், பாவு ஓடுகிற மிஷின் ஒன்றைக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைக்கலாம் என்றார் அவர். வழக்கம்போல என்னிடம்தான் சொன்னார். தறியில் நீளவாக்கில் போகிற நூற்றுக்கணக்கான நூலை ஒரே சமயத்தில் இழுத்துப் பாவாகச் சுற்றும். ஒரு நூல் அறுந்தாலும் ஸ்விட்சுப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்து தானாக நின்றுவிடும். மோட்டாருக்குப் போகிற கரண்டு, நூல் அறுந்ததா இல்லையா என்கிற சேதி, எல்லாமே தடித்த ஒரு கேபிளில், ஒரே கனெக்டர் வழியாகத்தான். உள்ளங்கை அகல இரும்புக்கூடு, இறுக்கிப் பூட்ட ஒரு கொக்கி, ஒரு பாதியில் பதினாறு ஊசி, மறுபாதியில் பதினாறு ஓட்டை. இதைத் தப்பாகச் சொருகவே முடியாது என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்குப் பிள்ளை பிறந்தபோதுகூட அந்த முகத்தில் அவ்வளவு களையில்லை.

பனவடலிசத்திரத்திலிருந்து வந்த என் தாய்மாமா துரைப்பாண்டி, வயரைச் சொருக இரண்டு தீக்குச்சி போதாதா என்று கேட்டார். மாமாவுக்குத் தறிக்கூடத்துச் சாவி மேல் வெகுநாளாக ஒரு கண். அம்மா யோசித்து, என் வழியாக முடிவு சொன்னாள். விஜயதசமி காலையில் மிஷின் ஓடினால் சாவி மருமகனுக்கு. ஓடாவிட்டால் தம்பிக்கு. தம்பிக்கு என்றால் நாங்கள் மூட்டை கட்டிக் குருவிகுளம் போகவேண்டியதுதான்.

ஆயுத பூசை அன்று சாயங்காலம் அவர் மிஷினைத் துடைத்து, கனெக்டரின் இரண்டு பாதியையும் பெஞ்சில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். போகும்போது என்னிடம் சொன்னார்:

"இந்தக் கனெக்டர்தான் மிஷினுக்கு உசுரு. யாரும் கை வைக்கக் கூடாதுன்னு அத்தைகிட்ட சொல்லிரு."

உசுரு என்கிற முதல் பாதியை அம்மாவிடம் சொன்னேன். இரண்டாவது பாதியை முழுங்கிவிட்டேன். அவள் கூடத்தில், அவள் மிஷினில், அதுவும் பூசை நாளில், கை வைக்காதே என்று எங்கள் அம்மாவிடம் யார் சொல்வது? எனக்குத் தைரியம் போதாது.

மறுநாள் காலையில் தறிக்காரர்கள் கூடிவிட்டார்கள். தேங்காய் உடைத்தாயிற்று. அவர் பெஞ்சிலிருந்த பூவை விலக்கி, மிஷினுக்குப் பின்னால் இருட்டு மூலையில் கனெக்டரைச் சொருகிப் பூட்டிவிட்டு ஸ்விட்சைப் போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. மிஷின் அசையவில்லை.

நூல் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். ஒன்றுகூட அறுந்திருக்கவில்லை. மறுபடி போட்டார். மறுபடியும் சிவப்பு. மாமா, விளக்கு நன்றாக எரிகிறது, கார்த்திகைக்கு ஆகும் என்றார். அம்மா சாவியை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மெயினை அணைத்துவிட்டு அவர் பின்னால் போய்க் குனிந்தார். நான் டார்ச்சைப் பிடித்தேன். கொக்கியை நெம்பிப் பிரித்தார். பதினாறு ஓட்டையிலும் பதினாறு சந்தனப் பொட்டு, நடுவில் ஊசி குத்திய தடத்தோடு. ஒவ்வொன்றின் மேலும் குங்குமம். கோலத்துக்குப் புள்ளி வைத்ததுபோல ஒன்றுகூட வரிசை பிசகவில்லை. உயிர் என்று சொல்லிவிட்டேன் அல்லவா, அம்மா குறை வைப்பாளா? சந்தனம் காய்ந்து அடைத்துக்கொண்டதில் சேதி போகவில்லை. சேதி வராவிட்டால் நூல் அறுந்ததாகத்தான் மிஷின் எடுத்துக்கொள்ளும். பாதிச் சேதியை முழுங்கியவள் நான் என்று அவர் காதில் சொன்னேன். எனக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்து தொலைத்தது.

"என்ன மாப்ள, என்ன கோளாறு?" என்று மாமா சத்தம் கொடுத்தார்.

உண்மையைச் சொன்னால் அவர் தப்பிவிடலாம். அவர் என்னைப் பார்த்தார், தூரத்தில் நின்ற அம்மாவைப் பார்த்தார்.

"நாந்தான் சரியா சொருகல மாமா."

தப்பாகச் சொருகவே முடியாது என்று ஊரெல்லாம் சொன்னவர் வாயாலேயே இது வந்தால் விடுவார்களா? கூடமே சிரித்தது. மாமா இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். அவர் காது சிவக்க உட்கார்ந்து, ஊசியால் சுரண்டி, பெட்ரோலில் நனைத்த பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைத்தார். துடைத்த பஞ்சை மடியில் ஒளித்துக்கொண்டார். முக்கால் மணி நேரம் கழித்துப் பூட்டி ஸ்விட்சைப் போட்டபோது விளக்கு எரியவில்லை. அத்தனை நூலும் ஒன்றாக ஓடத் தொடங்கியது.

ஓடினாலும், ஒரு பிளக்கைச் சொருகத் தெரியாதவரிடம் கூடத்தை ஒப்படைக்கலாமா என்று மாமா ஆரம்பித்தார். அதற்குள் அவர் எழுந்து நிற்க, மடியிலிருந்து பஞ்சு ஒன்று கீழே விழுந்தது. அம்மா அதை எடுத்தாள். மஞ்சளும் சிவப்புமாக இருந்ததைப் புரட்டிப் பார்த்தாள், மோந்து பார்த்தாள். அவள் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததே இல்லை.

பிறகு எங்களை நோக்கி வந்தாள். நாலு வருஷப் பழக்கம், சேதி வாங்க நான் முன்னால் போய் நின்றேன். என்னைத் தாண்டிப் போனாள்.

"மருமவனே, அடுத்த பூசைக்கு இதுல எங்கன பொட்டு வைக்கணும்?"

அவர் திகைத்துப்போய், பதிலை என்னிடம் சொல்ல வாயெடுத்தார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வெளிய, கூட்டு மேல ஒண்ணு வச்சா போதும் அத்தை."

அம்மா தலையை ஆட்டிவிட்டு இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். வாங்கிக் கொடுக்க நான் கையை நீட்டினேன். என் கை நீட்டினபடியே நிற்க, சாவி நேராக அவர் கைக்குப் போனது.