டேங்க் மூடி

தாண்டவராயனின் சின்ன டிராக்டர் மூன்றாம் நாளும் நின்றுவிட்டது. தொண்டூர் ஏரிக்குக் கீழே, நடவுக்காகச் சேறு கலக்கிச் சேடை ஓட்டிக்கொண்டிருந்த கழனியின் நடுவில், இரண்டு விக்கல் விக்கிவிட்டு அடங்கிப்போனது. வரப்பில் உட்கார்ந்திருந்த மெக்கானிக் ஜான் பாஷாவுக்கு எழுந்திருக்கவே மனம் வரவில்லை. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருபது வருஷமாகப் பட்டறை வைத்திருப்பவர். எத்தனையோ லாரிகளைப் பார்த்த மனுஷரை இந்தக் குட்டிச் சனியன் சேற்றில் இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தது.

செய்ய வேண்டியதெல்லாம் செய்தாயிற்று. ஃபில்டர் மாற்றினார். டீசல் குழாயை வாயால் ஊதி ஊதி, சாப்பிடுகிற சோற்றிலும் டீசல் மணந்தது. டேங்கைத் திறந்து டீசல் பார்த்து, பைப்பில் புகுந்த காற்றை எடுத்துவிட்டுக் கிளப்பினால் சமர்த்தாக ஓடும். இருபது நிமிஷந்தான். அப்புறம் மூச்சு முட்டி நின்றுவிடும்.

முதல் நாள், வாய் சும்மா இராமல், டீசலில் தண்ணீர் கலந்திருக்கலாம் என்று சொல்லிவைத்தார். காரணம் தெரியாத மெக்கானிக் சொல்லுகிற காரணம் அது. தாண்டவராயன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். டீசல் டின்னைக் கொண்டுவருகிறவன் டிரைவர் முருகையன். பாதியை வழியில் விற்றுவிட்டுத் தண்ணீரை ஊற்றி நிரப்புகிறான் என்று அவரே முடிவு கட்டி, நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்று இன்று காலை சொல்லிவிட்டார். முருகையனோ கடைசி நாள் வேலையையும் ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தான்.

உண்மையில், நேற்றே ஜான் பாஷா டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பார்த்திருந்தார். சுத்தமான டீசல். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், அப்படியானால் என்னதான் கோளாறு என்று கேட்பார்களே.

அலுப்போடு சேற்றில் இறங்கிப் போய், டீசல் இருக்கிறதா என்று பார்க்க டேங்க் மூடியைத் திருகினார். உஸ்ஸ் என்று காற்று உள்ளே இழுத்தது. இஞ்சின் சத்தத்தில் காது மந்தமான மனுஷருக்கு அது இன்றுதான் கேட்டது. மூடியின் மேல்பக்கத்தை உற்றுப் பார்த்தார். நடுவில் காற்றுப் போக ஒரு பொடி ஓட்டை இருக்க வேண்டும். அதன்மேல் குங்குமப் பொட்டோடு ஒரு சந்தன அப்பளம் கல்லாகக் காய்ந்திருந்தது. டீசல் இறங்க இறங்க உள்ளே காற்று வந்தாக வேண்டும். வராவிட்டால் டேங்க் டீசலை விடாது. மூன்று நாளாக மூடியைத் திறந்த போதெல்லாம் கோளாறு அவர் கையாலேயே தீர்ந்து, மூடிய போதெல்லாம் அவர் கையாலேயே திரும்ப வந்திருக்கிறது.

போன வாரம் ஆயுத பூஜை. பட்டறைக்கு வரும் வண்டிகளுக்கு ஜான் பாஷாவே சந்தனம் வைப்பார். பாய் பொட்டு வைத்தால் வண்டி மக்கர் பண்ணாது என்று செஞ்சியில் ஒரு பேச்சு. அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. தாண்டவராயனுடையது புது வண்டி என்பதால் கை கொஞ்சம் தாராளமாகிவிட்டது. காய்ந்த சந்தனத்தில் அவருடைய கட்டைவிரல் ரேகை, குறுக்கே ஓடும் வெட்டுத் தழும்போடு அப்படியே பதிந்திருந்தது.

நகத்தால் சுரண்டி எறிந்தால் தீர்ந்தது. பம்பு கோளாறு, சரி பண்ணிவிட்டேன் என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? நகமும் சந்தனத்துக்குப் போய்விட்டது. அப்போது முருகையன், ஸீட்டின் மேல் தான் போட்டு வைத்திருந்த சாக்கு மெத்தையை வீட்டுக்கு எடுத்துப்போக மடித்துக்கொண்டிருந்தான். ஜான் பாஷாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வரப்பில் நின்ற தாண்டவராயனைக் கூப்பிட்டு மூடியைக் கையில் கொடுத்தார்.

"டீசல்ல தண்ணி இல்லண்ணே. நேத்தே பாத்துட்டேன், சொல்லல. இந்தச் சந்தனந்தான் காத்து ஓட்டைய அடச்சிருக்குது. வெச்சது நான்."

தாண்டவராயன் மூடியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத மனுஷர். மூடியைத் திருப்பிக் கொடுத்து, நாளைக்கு மேட்டுக் கழனியையும் ஓட்டிவிடும்படி முருகையனிடம் சொல்லிவிட்டு மடையைப் பார்க்கப் போய்விட்டார்.

ஜான் பாஷா ஓட்டையைச் சுரண்டிச் சுத்தம் பண்ணி மூடியைப் பூட்டினார். முருகையன் சாக்கைத் திரும்ப விரித்து உட்கார்ந்தான். கிளப்புவதற்கு முன் மெதுவாகக் கேட்டான்.

"தண்ணி இல்லன்னு நேத்தே தெரியுமா பாய்?"

"தெரியும்பா."

முருகையன் வண்டியை எடுத்தான். இருபது நிமிஷம் போயிற்று. அரை மணி போயிற்று. டிராக்டர் ஒவ்வொரு சுற்றுக்கும் ஜான் பாஷா நின்ற வரப்பை ஒட்டித்தான் திரும்பியது. அவன் ஒரு தரம் பார்த்துவிட்டால் கிளம்பிவிடலாம் என்று அவர் நின்றுகொண்டே இருந்தார். வண்டி நிற்கவில்லை. முருகையனும் திரும்பிப் பார்க்கவில்லை.