தலையில் வைக்காத பூ

ஐம்பத்திரண்டு நாளாகியும் வேணியின் இடது மார்பில் அந்தக் கட்டி கரையவில்லை. மாமியார் மேலிருந்த கோபமும் கரையவில்லை.

இரண்டு வயது நிறைந்த பேரனுக்குப் பால் மறக்கடிக்கிறேன் என்று மாமியார் செல்லக்கிளி அவனை ஒரே நாளில் தன் ஊர் தொட்டியத்துக்குத் தூக்கிப் போய்விட்டாள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறேன் என்று வேணி கெஞ்சியது யார் காதிலும் ஏறவில்லை. பத்து நாளில் பிள்ளை பாலை மறந்து ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பினான். அவள் மார்புக்குத்தான் மறக்கத் தெரியவில்லை. முதலில் கல்லாக இறுகிக் காய்ச்சல் வந்தது. பிறகு வலது பக்கம் வற்றித் தளர்ந்தது. இடது பக்கத்தில் நெல்லிக்காய் அளவில் கட்டி ஒன்று தங்கி, பிள்ளை தாவி ஏறினாலே உயிர் போனது.

போனில் மாமியார் தினமும் சொல்வது ஒன்றுதான். பால் வற்ற மார்பில் மல்லிப்பூ வைத்துக் கட்டு, நானும் அப்படித்தான் கட்டினேன். டாக்டரிடம் போகலாமா என்று கேட்டால், அம்மா சொன்னதைச் செய்து பார் என்பான் கணவன் மாதவன். ஒருநாள் அவள் புடவை மாற்றும்போது பார்த்துவிட்டு, "என்னடி, ஒண்ணு அண்ணன் ஒண்ணு தம்பி மாதிரி இருக்கு" என்று சிரித்தான். அன்று கருகின தோசைகளாகப் பார்த்து அவன் தட்டில் வைத்தாள்.

கட்டி வேறு ஏதாவதாக இருந்தால், இந்தப் பிள்ளையை யார் பார்ப்பார்கள்? அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பெருமாளிடம் மட்டும், "இப்படிப் படுத்தே கிடந்தா எப்பத்தான் கண்ணைத் திறப்ப?" என்று சன்னதியில் நின்று முணுமுணுத்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வழக்கம்போல் இரண்டு முழம் கேட்டாள். சித்திரை வீதி முனையில் பூ விற்கும் பவுனம்மாள் முழம் போடவில்லை.

"தினமும் வாங்குற. தலையில ஒருநாளும் பார்த்ததில்ல. சாமிக்குன்னா துளசியும் கேப்ப."

"பூ விக்கிறவங்களுக்கு எதுக்கு அதெல்லாம்?" என்று சீறினாள் வேணி.

பவுனம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. குரலைத் தாழ்த்தி, பால் வற்றுவதற்கா என்று கேட்டாள். வேணியின் கண் நிறைந்தது. எத்தனை நாள், கட்டி எந்தப் பக்கம், எல்லாவற்றையும் அங்கேயே சொல்லிவிட்டாள்.

"அப்ப உனக்கு என் பூ கிடையாது. டாக்டர் பார்க்கட்டும்."

வியாபாரம் சூடுபிடிக்கும் நேரம். பவுனம்மாள் கூடைமேல் ஈரத்துணியைப் போட்டு மூடிவிட்டு எழுந்து ஆட்டோவை நிறுத்தினாள்.

தென்னூர் ஆஸ்பத்திரியில் பவுனம்மாள் பிள்ளையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, பூ கட்டும் நாரை அவன் விரலில் சுற்றி விளையாட்டுக் காட்டினாள். உள்ளே டாக்டரம்மா ஸ்கேன் பார்த்து ஊசி போட்டு உறிஞ்சினார். வந்தது தேங்கிய பால்தான். பயப்பட ஒன்றுமில்லை, மறுபடி கட்டி வந்தால் உடனே வா, இல்லாவிட்டாலும் மூன்று மாதத்தில் வந்து காட்டு என்றார். பால் நின்றபின் இரண்டு பக்கமும் கொஞ்சம் வேறுபடுவது சகஜம் என்றும், கட்டியை இத்தனை நாள் விட்டுவைத்தது தப்பு என்றும் சொன்னார்.

பயம் இறங்கியதும் கோபம் இரண்டு மடங்காக ஏறியது. வராந்தாவில் நின்றபடியே மாமியாருக்குப் போன் போட்டாள். ஒரே நாளில் பிரித்தது, பூ, காய்ச்சல், மாதவனின் சிரிப்பு, இன்று போட்ட ஊசி என்று ஐம்பத்திரண்டு நாளையும் கொட்டினாள்.

"கேக்குதா அத்தை?"

"கேக்குது. ஊசி போட்டா ரொம்ப வலிக்குமா வேணி?"

"யாருக்கு?"

"எனக்கும் ஒண்ணு இருக்கும்மா. மாதவனுக்குப் பால் நிறுத்தினப்ப வந்தது. பூ வச்சுக் கட்டியும் போகல. உனக்காவது போயிடும்னு நெனச்சேன். இப்பக் கொஞ்சம் பெரிசாயிருக்கு. யார்கிட்ட சொல்றது?"

சொல்ல வேணியிடம் இன்னும் நிறைய இருந்தது. பெஞ்சில் பவுனம்மாள் மடியிலேயே பிள்ளை தூங்கிவிட்டிருந்தான். அவனை எழுப்பாமல் மரத்துப்போன காலை மெல்ல நீட்டிக்கொண்டிருந்தாள். அவள் கூடையில் காலைப் பூ இந்நேரம் வாடியிருக்கும்.

"நாளைக்கு முதல் பஸ்ஸைப் பிடிங்க," என்றாள் வேணி. குரலில் கோபம் அப்படியே இருந்தது. "சத்திரம் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன். வலிச்சா என் கையைப் பிடிச்சுக்குங்க."

"மாதவனுக்குத் தெரிய வேணாம்மா."

"தெரியணும் அத்தை. உங்க பிள்ளை லீவு போட்டு வரட்டும். டோக்கன் வாங்க ஆள் வேணும்ல."